பதினோராம் நாள்
விபசனா தியானத்தை வீட்டிலும் அக்கம்பக்கத்திலும் பயில ஒரு பாடம்

சென்ற மாதம் நம் சங்கக் கூட்டம் முடிந்து தேநீர் அருந்திக்கொண்டிருந்தபோது அன்பர் ஒருவர் என்னிடம் கேட்டார். "சார், இகத்புரிக்குப் போய்ப் பத்து நாள் பேசாமல் இருந்துவிட்டு வந்தால் கோபமெல்லாம் போய்விடுமாமே, உண்மையா?"

"பத்து நாளில் போகும். பதினோராம் நாள் திரும்பி வரும்" என்றேன். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். ஆனால் நான் வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. என் அனுபவத்தைச் சொன்னேன். அதைச் சற்று விரிவாக எழுதும்படி ஆசிரியர் குழுவினர் கேட்டுக்கொண்டதால் இக்கட்டுரை. நான் தியான ஆசிரியன் அல்லன். இரும்புப் பாதையைப் பராமரிக்கும் பணியில் வாழ்நாளைக் கழித்தவன். பயிலும் மாணவன் சக மாணவர்களுக்கு எழுதும் குறிப்பாகவே இதை வாசகர்கள் கொள்ள வேண்டும்.

சொல்லும் பொருளும்

'விபஸ்ஸனா' என்பது பாலி மொழிச் சொல். சிறப்பாகக் காணுதல், உள்ளதை உள்ளபடி காணுதல் என்று பொருள். தமிழில் விபசனா என்றும் விபாசனா என்றும் எழுதுகிறோம். இதற்கு அடிப்படையாக விளங்குவது புத்தர் அருளிய சதிபட்டான சுத்தம். இதன் விரிவான வடிவம் தீக நிகாயத்தில் 22-ஆவது சுத்தமாக அமைந்துள்ளது. உடல், உடலில் எழும் நுகர்ச்சி, மனம், மனத்தில் தோன்றும் பொருள்கள் ஆகிய நான்கையும் விருப்பு வெறுப்பின்றி உற்று நோக்குவதே அதன் சாரம்.

இது நமக்கு அந்நியமான சரக்கு என்று யாரும் எண்ண வேண்டாம். சீத்தலைச் சாத்தனாரின் மணிமேகலை இதே தத்துவத்தை நல்ல தமிழ்ச் சொற்களில் பேசுகிறது. துன்பம் எப்படித் தோன்றுகிறது என்பதைப் பன்னிரண்டு சார்புகளின் தொடராக அக்காப்பியம் விளக்குகிறது. அவற்றுள் நான்கை மட்டும் இங்கே எடுத்துக்கொள்வோம்: ஊறு, நுகர்வு, வேட்கை, பற்று.

ஓர் எடுத்துக்காட்டு. காலையில் குழாயில் தண்ணீர் வரும் நேரம். மேல்வீட்டுக்காரர் மோட்டாரைப் போட்டுவிடுகிறார். அந்தச் சத்தம் காதில் விழுவது ஊறு. உடனே நம் நெஞ்சில் ஒரு சூடும் தாடையில் ஓர் இறுக்கமும் எழுகின்றன. அது நுகர்வு. "இன்றைக்கு இரண்டில் ஒன்று பார்த்துவிட வேண்டும்" என்று எழுவது வேட்கை. அதை நாலு நாள் மனத்தில் வைத்துக்கொண்டு மாடிப்படியில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வது பற்று.

சத்தம் காதில் விழுவதை நாம் தடுக்க முடியாது. நெஞ்சில் சூடு எழுவதையும் தடுக்க முடியாது. ஆனால் நுகர்வுக்கும் வேட்கைக்கும் நடுவே ஓர் இணைப்பு இருக்கிறது. அந்த இடத்தில்தான் விபசனா வேலை செய்கிறது. எழுந்த சூட்டைச் சூடாக மட்டும் பார்த்தால், அது சற்று நேரம் இருந்து தானே தணிவதும் தெரியும். இதை நூலில் படித்து ஒப்புக்கொள்வது எளிது. உடலில் கண்டு அறிவதற்குத்தான் பயிற்சி வேண்டும்.

இல்லறத்தார் வழி

இன்று நம் நாட்டில் பரவலாகக் கற்பிக்கப்படும் முறை பர்மாவிலிருந்து வந்தது. லெடி சயாடோ (1846–1923) என்ற துறவி இல்லறத்தாருக்கும் இக்கலையைத் திறந்துவிட்டார். அவர் வழியில் பயின்ற சயா தெட்ஜி (1873–1945) ஒரு விவசாயி. அவருடைய மாணவர் ஊ பா கின் (1899–1971) அரசாங்கக் கணக்கு அதிகாரி.

ஊ பா கின் பற்றி நம் ரயில்வே குடும்பங்கள் அறிந்திருக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. 1941-ஆம் ஆண்டில் அவர் பர்மா ரயில்வேயின் கணக்கு அதிகாரியாக இருந்தார். ரயிலில் இணைக்கப்பட்ட தனிப் பெட்டியில் நிலையம் நிலையமாகச் சென்று கணக்குகளைத் தணிக்கை செய்துவந்தார். மாந்தளைக்குத் தெற்கே உள்ள சௌக்சே என்ற நிலையத்தில் இறங்கியபோது அருகில் வாழ்ந்த வேபு சயாடோ என்ற துறவியைக் காணச் சென்றார். அவருடைய தியான அனுபவத்தைக் கேட்ட துறவி, நீர் பிறருக்கும் கற்பிக்க வேண்டும் என்று பணித்தார். 1948-இல் பர்மா விடுதலை பெற்றதும் ஊ பா கின் அந்நாட்டின் தலைமைக் கணக்காயர் ஆனார். தம் அலுவலக ஊழியர்களுக்கும் தியானம் கற்பித்தார். 1952-இல் ரங்கூனில் தியான மையம் ஒன்றை நிறுவினார்.

அவரிடம் 1955-இல் மாணவராகச் சேர்ந்தவர் எஸ்.என். கோயங்கா. மாந்தளையில் 1924-இல் பிறந்த இந்திய வணிகர். கடுமையான ஒற்றைத் தலைவலியால் அவதிப்பட்டவர். 1969-இல் இந்தியா வந்து, அதே ஆண்டு ஜூலை மாதம் மும்பையில் ஒரு தர்மசாலையில் தம் முதல் பயிற்சி வகுப்பை நடத்தினார். இகத்புரியில் தம்ம கிரி மையம் 1976 முதல் இயங்கி வருகிறது. கோயங்கா 2013-இல் காலமானார். வகுப்புகள் அவருடைய குரல் பதிவுகளைக் கொண்டு தொடர்ந்து நடைபெறுகின்றன. சென்னை அருகே திருமுடிவாக்கத்தில் உள்ள தம்ம சேது மையத்தில் தமிழிலும் அறிவுரைகளைக் கேட்கலாம். மகாசி சயாடோ வகுத்தது போன்ற வேறு விபசனா முறைகளும் உண்டு. நான் பயின்றதைப் பற்றி மட்டுமே இங்கு எழுதுகிறேன்.

விவசாயி, கணக்கு அதிகாரி, வணிகர் என்று மூவருமே குடும்பஸ்தர்கள். வேலையையும் வீட்டையும் விட்டு ஓடாமல் பயிலக்கூடிய கலை இது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

பத்து நாள்

வகுப்பில் காலை 4 மணிக்கு மணி அடிக்கும். 4.30-க்குத் தியானம் தொடங்கும். இரவு 9.30-க்கு விளக்கணைப்பு. நாளொன்றுக்குச் சுமார் பத்து மணி நேரத் தியானம். கொல்லாமை, திருடாமை, பிரமசரியம், பொய்யாமை, போதைப்பொருள் தவிர்த்தல் ஆகிய ஐந்து சீலங்களைக் காக்க வேண்டும். பத்தாம் நாள் வரை சக மாணவருடன் பேச்சோ சைகையோ கூடாது. ஆசிரியரிடம் ஐயம் கேட்கலாம். ஜபம், பூஜை, விரதம் முதலியவற்றை அந்த நாட்களில் மட்டும் ஒதுக்கி வைக்கச் சொல்கிறார்கள். மதம் மாறச் சொல்வதில்லை. கட்டணம் கிடையாது. வகுப்பை முடித்தவர் விரும்பினால் பிறருக்காக நன்கொடை அளிக்கலாம்.

முதல் மூன்று நாட்கள் 'ஆனாபானம்', அதாவது மூச்சைக் கவனித்தல் மட்டும். நான்காம் நாள் விபசனா தொடங்குகிறது. தலை உச்சியிலிருந்து கால் விரல் வரை, ஒரு பகுதியையும் விடாமல், உடலில் எழும் உணர்ச்சிகளை வரிசையாகக் கவனித்துச் செல்ல வேண்டும்.

எங்கள் பர்மனென்ட் வே பணியில் கீமேன் என்று ஒருவர் உண்டு. நாள்தோறும் தம் எல்லை முழுவதையும் நடந்து பார்ப்பவர். போகும்போது ஒரு தண்டவாளம், வரும்போது மறு தண்டவாளம். ஒரு சாவியையும் ஒரு போல்ட்டையும் தாண்டிப் போகக் கூடாது. நான்காம் நாள் அறிவுரையைக் கேட்டபோது எனக்குக் கீமேன் ஞாபகம்தான் வந்தது. ஒரு வித்தியாசம் உண்டு. கீமேன் தளர்ந்ததைக் கண்டால் சுத்தியலால் அடித்து இறுக்குவார். நாம் அதைச் செய்யக் கூடாது. முழங்கால் வலித்தாலும் சுகமாகச் சிலிர்த்தாலும் பார்த்துவிட்டு அடுத்த இடத்துக்கு நகர வேண்டும். என் போன்ற பொறியாளருக்கு இதுவே மிகக் கடினமான பாடம். பழுதைக் கண்டால் கை சும்மா இருப்பதில்லை.

பத்தாம் நாள் மௌனம் கலையும். எல்லா உயிர்க்கும் நலம் வேண்டும் மைத்ரீ தியானம் கற்பிப்பார்கள். பதினோராம் நாள் காலை வீடு திரும்பலாம்.

நான் தவறிய இடம்

பணி ஓய்வு பெற்ற 2018-ஆம் ஆண்டு இறுதியில் என் முதல் வகுப்பை முடித்தேன். தியான மண்டபத்தில் பழைய மாணவர்கள் முன்வரிசையிலும் புதியவர்கள் பின்னாலும் அமர்வது வழக்கம். முன்வரிசையில் ஒருவரின் முதுகு எனக்குப் பழகிய முதுகாகத் தோன்றியது. பத்தாம் நாள் மௌனம் கலைந்ததும் அவரே வந்து, "சாகேப், அடையாளம் தெரிகிறதா?" என்றார். என் செக்‌ஷனில் கேங் மேட்டாகப் பணியாற்றி ஓய்வு பெற்ற மராட்டியர். கல்யாணில் என் வீட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டரில் வசிக்கிறார். "சனிக்கிழமை மாலை 6 மணிக்கு என் வீட்டில் ஏழெட்டுப் பேர் கூடி அமர்கிறோம். அவசியம் வாருங்கள்" என்று அழைத்தார். வருகிறேன் என்று சொன்னேன்.

நான் போகவில்லை. யாராவது கேட்டால் முழங்கால் வலி என்று சொல்லிக்கொண்டேன். உண்மைக் காரணம் அதுவல்ல. எனக்குக் கீழே வேலை பார்த்தவர் வீட்டில் போய்த் தரையில் உட்காருவதா என்று ஓர் எண்ணம். அவர்கள் 1956-இல் பௌத்தம் தழுவிய குடும்பம் என்பதும் எனக்குத் தெரியும். அந்த ஆண்டு அக்டோபர் 14 அன்று டாக்டர் அம்பேத்கர் நாகபுரியில் லட்சக்கணக்கானோருடன் பௌத்தம் தழுவியபோது அவருடைய தந்தையும் அக்கூட்டத்தில் இருந்தவர். அந்தத் தயக்கத்துக்குள் சாதியும் இருந்தது. பத்து நாள் எல்லா உயிர்க்கும் நலம் வேண்டிவிட்டு வந்த எனக்குள் அது அசையாமல் இருந்தது. எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் இதை மறைத்தால் இந்தப் பாடத்தில் உண்மை இராது.

வீட்டில் முதல் மாதம் காலையும் மாலையும் ஒரு மணி நேரம் அமர்ந்தேன். இரண்டாம் மாதம் காலை மட்டும். மூன்றாம் மாதம் பேரன் வந்தான், பண்டிகை வந்தது, உறவினர் வந்தனர். நான்காம் மாதம் ஆசனத்தை மடித்துப் பரண்மேல் வைத்தாயிற்று.

அப்போதுதான் கும்பகோணத்திலிருந்து தம்பி தொலைபேசியில் அழைத்தான். அப்பா விட்டுச் சென்ற வீட்டைப் பற்றி எங்களுக்குள் நெடுநாளாக மனத்தாங்கல். அவன் கொல்லைச் சுவரைப் பற்றி ஏதோ ஒரு வார்த்தை சொன்னான். நான் இருபது நிமிடம் கத்தினேன். சொல்லக் கூடாததைச் சொன்னேன். அவன் பேசாமல் தொடர்பைத் துண்டித்தான். அடுக்களையிலிருந்து வந்த என் மனைவி ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "என்னங்க, அந்தப் பத்து நாள் எங்கே போச்சு?"

அந்த வாரச் சனிக்கிழமை மேட்டின் வீட்டுக்குப் போனேன்.

எட்டுப் பேர் அமரும் கூடம்

சிறிய கூடம். தரையில் பாய். சுவரோரம் முழங்கால் வலிக்காரர்களுக்கு இரண்டு நாற்காலி. எனக்கு அதில் ஒன்றைக் கொடுத்தார்கள். ஒரு பள்ளி ஆசிரியை, ஒரு குஜராத்தி மருந்துக் கடைக்காரர், கணவன் மனைவியாக ஒரு மராட்டியத் தம்பதி, கல்லூரி மாணவன் ஒருவன், மேட்டும் அவர் மனைவியும், நான். ஏன் இத்தனை நாள் வரவில்லை என்று யாரும் கேட்கவில்லை. ஒரு மணி நேரம் அமர்ந்தோம். எழுந்தோம். தண்ணீர் குடித்தோம். கலைந்தோம்.

கசாராவிலிருந்து இகத்புரி வரை ஏறும் காட் பகுதியில் 37-க்கு 1 என்ற ஏற்றம். முன்னால் உள்ள என்ஜின் எவ்வளவு வலுவானதாயினும் பின்னாலிருந்து தள்ள பேங்கர் என்ஜின் வேண்டும். சமதளத்தில் தேவையில்லை, ஏற்றத்தில் அதில்லாமல் வண்டி ஏறாது. சனிக்கிழமைக் கூடல் எனக்கு அப்படி உதவியது. வீட்டில் தனியாக அமர்ந்தால் பத்தாவது நிமிடம் எழுந்து பால் வந்ததா என்று பார்க்கத் தோன்றும். பக்கத்தில் ஏழு பேர் அசையாமல் இருக்கும்போது எழத் தோன்றாது. சனிக்கிழமை ஒழுங்காக அமர்ந்தவனுக்கு ஞாயிறும் திங்களும் வீட்டில் அமர முடிகிறது. வியாழக்கிழமை தளர்கிறது. அதற்குள் அடுத்த சனிக்கிழமை வந்துவிடுகிறது. 2020-இல் ஊரடங்கு வந்தபோது அவரவர் வீட்டில் அதே 6 மணிக்கு அமர்ந்தோம். எட்டு வீட்டிலும் எல்லோரும் அமர்ந்திருப்பார்கள் என்ற எண்ணமே போதுமானதாக இருந்தது.

கோராயில் 2009-இல் திறக்கப்பட்ட பகோடாவை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். 8000 பேர் அமரக்கூடிய மண்டபம். நடுவே ஒரு தூண் கூடக் கிடையாது. பொறியாளன் என்ற முறையில் வியந்து பார்த்தேன். ஆனால் என் பயிற்சியைக் காத்தது எட்டுப் பேர் அமரும் இந்தக் கூடம்தான்.

சில மாதம் சென்றபின் மேட்டிடம் ஒரு விஷயம் பேசினேன். ஆண்டுகளுக்கு முன் கேங் முழுவதும் நிற்க, அவரை நான் கடுமையாகத் திட்டியது என் நினைவில் உறுத்திக்கொண்டே இருந்தது. மன்னிக்க வேண்டும் என்றேன். அவர் சிரித்தார். "அன்றைக்கு ஸ்லீப்பருக்கு அடியில் பேக்கிங் சரியில்லைதான், சாகேப். நீங்கள் சொன்னது சரி. என் பையன் வயதுப் பிள்ளைகள் முன்னால் சொன்னதுதான் வலித்தது" என்றார். அவ்வளவுதான். அன்று அவர் மனைவி போட்ட தேநீரைக் குடித்துவிட்டு வந்தேன்.

மற்றொரு நாள் அவர், "உங்கள் பக்கத்தில் பௌத்தம் இருந்ததா?" என்று கேட்டார். மணிமேகலையையும், சோழர் காலத்து நாகப்பட்டினம் விகாரையையும், 1898-இல் சென்னையில் சாக்கிய பௌத்த சங்கம் கண்ட அயோத்திதாசப் பண்டிதரையும் பற்றிச் சொன்னேன். அம்பேத்கருக்கு 58 ஆண்டுகள் முன்பா என்று அவர் வியந்தார். நாற்பது ஆண்டு ஒரே ஊரில் இருந்தும் இந்தப் பேச்சு அதுவரை எங்களுக்குள் நடந்ததில்லை.

இன்றே தொடங்க

விபசனாவை நேரில் வகுப்பில்தான் கற்க வேண்டும். கூட்டுத் தியானத்திலும் பத்து நாள் வகுப்பை முடித்தவர்களே அமர்வது மரபு. ஆனால் ஆனாபானத்தை வீட்டில் எவரும், எட்டு வயதுப் பிள்ளையும், பயிலலாம். முறை வருமாறு:

1. தரையிலோ நாற்காலியிலோ முதுகை நேராக வைத்து அமருங்கள். கண்களை மூடுங்கள்.

2. மூக்குத் துவாரங்களுக்கும் மேல் உதட்டுக்கும் இடைப்பட்ட சிறு பகுதியில் கவனத்தை வையுங்கள்.

3. மூச்சு தானே வரட்டும், தானே போகட்டும். நீளமாயின் நீளம், குட்டையாயின் குட்டை. இது பிராணாயாமம் அன்று. மூச்சை அடக்கவோ எண்ணவோ வேண்டாம்.

4. மந்திரமோ உருவமோ சேர்க்க வேண்டாம். அவற்றுக்குரிய வேளை வேறு.

5. மனம் ஓடிவிட்டது என்று தெரிந்தவுடன் மூச்சுக்குத் திரும்புங்கள். ஓடியதற்காக மனத்தைக் கடிந்துகொள்ள வேண்டாம்.

6. முதலில் பத்து நிமிடம். தினமும் அதே நேரம், அதே இடம்.

வகுப்பு முடித்தவர்கள் கூட்டுத் தியானம் தொடங்க விரும்பினால் என் அனுபவத்தில் கண்ட சில குறிப்புகள்: நாளையும் நேரத்தையும் மாற்றாதீர்கள். இருவர் வந்தாலும் நடத்துங்கள். பலகாரம் வேண்டாம், பலகாரம் வந்தால் அடுத்த வாரம் மற்றவர் வீட்டில் அதைவிட நல்ல பலகாரம் செய்ய வேண்டியிருக்கும். சீட்டு, அரசியல், கல்யாணப் பேச்சு எதையும் அங்கே எடுக்க வேண்டாம். யாருக்கு என்ன அனுபவம் வந்தது என்று ஒப்பிட வேண்டாம்.

எச்சரிக்கையும் அவசியம்

மனநோய்க்குச் சிகிச்சை பெறுபவர்கள், கடுமையான மனச்சோர்வில் இருப்பவர்கள் பத்து நாள் வகுப்பு தமக்கு ஏற்றதா என்று மருத்துவரிடம் கேட்காமல் போகக் கூடாது. விண்ணப்பத்தில் உடல்நலம் பற்றிக் கேட்கும் இடத்தில் எதையும் மறைக்கக் கூடாது. தியானத்தை நம்பி மருந்தை நிறுத்துவது பெரும் தவறு. நீரிழிவு, இரத்த அழுத்தம் உடையவர்கள் உணவு, மருந்து விவரங்களை முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். வீட்டில் ஒருவர் சம்மதியாமல் மற்றவரை வற்புறுத்தி அனுப்புவதும் பயன் தராது. கோபக்கார மாப்பிள்ளையைத் திருத்த அனுப்பலாமா என்று ஒருவர் கேட்டார். அவராக விரும்பினால் அனுப்பலாம்.

முடிவாக

தம்பியின் விஷயம் என்ன ஆயிற்று என்று வாசகர்கள் கேட்கலாம். வீட்டு விவகாரம் இன்னும் தீரவில்லை. சென்ற தை மாதம் அவன் மீண்டும் அழைத்தான். அதே கொல்லைச் சுவர். நெஞ்சில் அதே சூடு எழுந்தது. அது எழுந்ததை நான் பார்த்தேன். ஒரு நிமிடம் பேசவில்லை. "அண்ணா, லைன்ல இருக்கீங்களா?" என்றான். "இருக்கேன், சொல்லு" என்றேன். அன்று சண்டை நடக்கவில்லை. அவன் குழந்தைகள் படிப்பைப் பற்றிக் கொஞ்ச நேரம் பேசினோம். ஐந்து ஆண்டுச் சனிக்கிழமைகளில் நான் பெற்ற வருமானம் அந்த ஒரு நிமிடம். என்னைப் பொறுத்தவரை அது சிறிய தொகையன்று.

தண்டவாளத்தை ஒருமுறை நன்றாகப் போட்டுவிட்டோம் என்று கீமேனை வீட்டுக்கு அனுப்பிவிட முடியாது. வண்டி ஓடும் நாள் வரை அவர் நடந்துகொண்டே இருக்க வேண்டும். பிழைப்புக்காக ஊரைவிட்டு வந்து, பல மொழிக்காரர் நடுவே வாழும் நமக்கு அந்த நடைக்குத் துணை தேவை. அந்தத் துணை பெரும்பாலும் இரண்டு தெரு தள்ளியே இருக்கிறது. அழைத்தால் போய்விடுங்கள். என்னைப் போல் நான்கு மாதம் வீணாக்க வேண்டாம்.